ஞாயிற்றுக்கிழமை ரொட்டி

"சாராயம் ஊத்துன ரொட்டி எம்புள்ள இலைக்கு வராது. வராதுன்னா வராதுதான்!"

"சாராயம் இல்ல அத்தை, பீரு. அதுவும் ரெண்டே கரண்டி."

"பீருன்னா என்ன, பெருமாள் கோயில் தீர்த்தமா?"

"மாமாவுக்கு வருஷா வருஷம் படையல்ல குவார்ட்டர் வைக்கிறீங்கள்ல, அது மட்டும் தீர்த்தமா?"

கேள்வியில் நியாயம் இருந்தது. அதனாலேயே அமிர்தத்துக்குக் கோபம் இன்னும் ஏறியது. செத்துப்போன புருஷனுக்கு அவள் படையலில் குவார்ட்டர் வைப்பது வடக்குத் தெருவுக்கே தெரியும். வாங்கிவந்து வைப்பவன் அவள் தம்பி வீரையன். படைத்து முடித்ததும் பாட்டிலை மடியில் செருகிக்கொண்டு வைக்கோல் போர்ப் பக்கம் ஒதுங்குகிறவனும் அவனே. இன்றைக்கும் மருமகள் வானதி கேட்டாள் என்று மன்னார்குடி வரைக்கும் போய் ஒரு பீர் வாங்கி வந்திருந்தான். ரெண்டு கரண்டி போக மீதிக்கு என்ன வழி என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். எதிர்வீட்டு மங்களாம்பிகை கறிவேப்பிலை கேட்டு வந்து அடுப்படி வாசலில் நின்றாள். அவள் வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை மரம் ஓடு உயரத்துக்கு நிற்கிறது.

மகன் ராம்கி போய்ச் சேர்ந்து ஒரு வருஷம். முந்தின நாள் ஆற்றங்கரையில் திதி முடிந்தது. மறுநாள் கறிப்படையல், அந்த வீட்டு வழக்கம். செத்தவனுக்கு என்னென்ன பிடிக்குமோ அத்தனையும் இலையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, எல்லோரும் வெளியே வந்து நிற்க வேண்டும். உள்ளே அவன் வந்து சாப்பிட்டுப் போவான். ஆகவே அவனுக்கு என்ன பிடிக்கும் என்பது அன்றைக்கு விளையாட்டுப் பேச்சு இல்லை.

அமிர்தம் விடியலிலேயே நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை வைத்து இறக்கிவிட்டாள். அதைப் பற்றி ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. கருவாட்டுக் குழம்பு இருந்தால் ராம்கி சட்டியில் சோற்றைப் போட்டுத் துடைத்துத் தின்பான் என்பதற்குத் தெருவில் பத்துச் சாட்சி உண்டு. அந்த நினைப்பில்தான் ராம்கி வேல்ஸ் தேசத்தில் ஸ்வான்ஸீ என்ற ஊருக்கு முதியோர் இல்ல வேலைக்குப் போனதிலிருந்து, போகிறவர் வருகிறவர் கையில் எல்லாம் கருவாட்டை வறுத்து இடித்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பினாள். ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டான் என்று ஒருத்தர் வந்து குறைப்பட்டபோதுகூட அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அப்படிப்பட்ட இலையில்தான் இப்போது ரொட்டி வைக்கப்போகிறேன் என்கிறாள் நேற்று வந்தவள். நேற்று வந்தவள் என்பது அமிர்தத்தின் கணக்கு. கல்யாணமாகி ராம்கியோடு வானதி இருந்தது நாற்பத்தோரு நாள். பிறகு அவன் விமானம் ஏறினான். ரெண்டு வருஷம் கழித்து, ராத்திரி வேலை முடிந்து பஸ்ஸுக்காக நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. உடம்பு பெட்டியில் வந்து சேரப் பத்தொன்பது நாள் ஆயிற்று. காரியம் முடிந்ததும் வானதி திருவிடைமருதூருக்குத் தாய் வீடு போய்விடுவாள் என்று தெரு காத்திருந்தது. அவள் போகவில்லை. ஏன் போகவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

அமிர்தத்தின் கோபம் பீரின் மேல் இல்லை. மகன் அவளைப் போனில் கூப்பிட்டது சனிக்கிழமைகளில். "சாப்பிட்டியாப்பா?" "சாப்பிட்டேம்மா." "மழையா?" "மழைதாம்மா." நாலு நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வானதிக்கு, வீடியோவில். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம். சிரிப்புச் சத்தம் கூடம் வரை கேட்கும். அந்த ஒரு மணி நேரமும் அமிர்தத்துக்கு ஜன்னலோரமாகவே வேலை இருக்கும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள், காட்டிய மாட்டுக்கே மறுபடியும் காட்டுவாள். "இன்னும் கிட்ட காட்டுங்க... பொங்குது பாருங்க, பொங்குது!" என்று மருமகள் கூவுவதும், அவன் ஏதோ சொல்வதும், மறுபடி சிரிப்பும். அந்தச் சிரிப்பைத்தான் இவள் இன்றைக்கு இலையில் கொண்டுவந்து வைக்கப் பார்க்கிறாள்.

"வெண்ணெய் வாசனைக்கே மூஞ்சியத் திருப்புவான் அவன். எனக்குத் தெரியாத எம்புள்ளையா?"

"எம் கண்ணால பாத்தேன் அத்தை. ஞாயித்துக்கிழமை தவறாது. வெல்ஷ் ரேர்பிட்டுன்னு பேரு. தானே செஞ்சு, தானே சாப்பிடுவாங்க."

"போன்ல பாத்தியா."

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. வானதியின் முகம் சுண்டிப்போயிற்று. மங்களாம்பிகை கறிவேப்பிலையை மறந்து ஒரு அடி உள்ளே வந்தாள்.

"சித்தீக் அண்ணன் வருதுல்ல," என்றாள் வானதி. "அங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தவங்க. அவங்களையே கேளுங்க. இல்லைன்னு சொன்னா நான் வைக்கல. இந்த வீட்டுல எதைப் பத்தியும் பேசல."

"வரட்டும்," என்றாள் அமிர்தம். "அந்தப் புள்ள வாயாலயே கேப்போம்."

வழக்கு அப்படிச் சாட்சிக்காகத் தள்ளிவைக்கப்பட்டது. அதற்குள் வானதி வேலையைத் தொடங்கினாள். வாணலியில் வெண்ணெய் உருகியது. ஒரு கரண்டி மைதாவைப் போட்டுச் சிவக்காமல் கிளறினாள். பீரை ஊற்றியதும் சுர்ரென்று எழுந்த ஆவியில் வீரையன் கண்ணை மூடிக்கொண்டான். கடுகை அம்மியில் மைபோல அரைத்து வைத்திருந்தாள். சீஸைத் தேங்காய்த் துருவியில் துருவி, பிடி பிடியாகப் போட்டுக் கிண்டினாள். அங்கே அவன் ஒரு கறுப்புச் சாஸைச் சொட்டுச் சொட்டாக விடுவான். அது மன்னார்குடியில் கிடைக்காததால் புளியைக் கெட்டியாகக் கரைத்து விட்டாள். போனில் பார்த்த மஞ்சள் இன்னும் வரவில்லை என்று தோன்றியது. கொஞ்சம் தள்ளி நின்று, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ஒரு சிட்டிகை மஞ்சள் தூளும் போட்டாள். அவளுக்கு அதன் நிறம்தான் தெரியும். வாசனையோ ருசியோ போனில் வருவதில்லை. வாட்டிய ரொட்டியில் அதைத் தடவி, தட்டில் வைத்து, இரும்பு மூடியால் மூடி, மூடிக்கு மேலே கொட்டாங்கச்சித் தணலை அள்ளிப் போட்டாள். மேற்புறம் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கிச் சிவக்க வேண்டும். மூடியைத் தூக்கித் தூக்கிக் குனிந்து பார்த்தவளின் முகத்தில் தணலின் வெளிச்சம் அடித்தது. அமிர்தம் பார்க்காததுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணிக்கு சித்தீக் வந்தான். கூத்தாநல்லூர்க்காரன். தங்கை தஹ்மீனாவின் கல்யாணத்துக்கு லீவில் வந்தவன், பேரீச்சம்பழப் பெட்டியோடு வாசலில் பைக்கை நிறுத்தினான். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் அமிர்தம், "வா தம்பி, மொதல்ல கை கால் கழுவு," என்று கையைப் பிடித்துக் கொல்லைக்கு நடத்திக்கொண்டு போய்விட்டாள். சாட்சியை முதலில் பிடித்துவிட வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

குழாயடியில் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அது உள்ளே பேச்சுக் கேட்காமல் இருப்பதற்கு.

"தம்பி, நீ பொய் சொல்லாத புள்ள. ராம்கி அந்தச் சீஸு ரொட்டியத் தின்பானா?"

சித்தீக் கையை ஈரத்தோடு வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். "ஏம்மா கேக்குறீங்க?"

"சொல்லு."

"செய்வாம்மா. வாராவாரம் செய்வான். போன்ல ஒரு கடி கடிச்சுக் காட்டுவான். போன வச்சதும் தட்ட என் பக்கம் தள்ளிருவான். அவனுக்கு அந்த வாசனையே ஆவாது. நான்தான் அம்புட்டையும் திம்பேன்."

அமிர்தத்துக்கு நெஞ்சு விம்மியது. ஜெயித்துவிட்டாள். "பீரு ஊத்துவானாமே, நீ எப்படித் தின்ன?"

"அது பீரு இல்லம்மா. போதை இல்லாத மால்ட்டுத் தண்ணி, அதே மாதிரி பாட்டில்ல விப்பாங்க. நான்தான தின்னணும், அதுக்காகத் தேடி வாங்கிட்டு வருவான்."

"பின்ன எதுக்கு அந்த எழவச் செஞ்சான்?"

"மொத தடவ வேல செய்யற எடத்துல கத்துக்கிட்டு வந்து செஞ்சு காட்டினான். அது பொங்குறதப் பாத்து வானதி சிரிச்சிச்சாம். அதுக்கப்புறம் வாராவாரம்." அவன் குழாயை மூடப் போனான். அமிர்தம் தடுத்தாள்.

"என் கருவாட்டப் பாத்து அழுதிருப்பானே. நாலு வாய் சேத்துத் தின்னிருப்பானே?"

வாளி நிரம்பி வழிந்து வாழைக்குப் போயிற்று.

"மொதப் பொட்டலத்தச் சூடு பண்ணினோம்மா. பொகை வந்தா அலறுற மணி அடிச்சிருச்சு, வீட்டுக்காரன் வந்து சத்தம் போட்டான். அப்புறம் அவன் பிரிக்கல. தூக்கியும் போடல. பொட்டிக்குள்ள அடுக்கி வச்சிருந்தான். அவன் போனப்புறம் சாமானக் கட்டறப்பதான் பாத்தேன், எல்லாம் அப்படியே இருந்துச்சு. குப்பைல போட மனசு வரல. கடல்ல போட்டுட்டு வந்தேன்."

"அப்ப எம்புள்ள என்னதான்டா தம்பி தின்னான்?"

"தெரியலம்மா," என்றான் சித்தீக். "டீ குடிப்பான். பிஸ்கட்டு. கேட்டா ட்யூட்டியிலயே சாப்பிட்டேம்பான். ஒரே வீட்டுல இருந்தேன், நானும் சரியாப் பாக்கலம்மா."

அமிர்தம் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த முகத்தோடு உள்ளே வந்தபோது கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். மங்களாம்பிகையோடு இன்னும் ரெண்டு பேர் கறிவேப்பிலைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். வானதி கையில் தட்டு. ரொட்டியின் மேல் அது பொங்கி, அங்கங்கே பழுப்பேறி, ஓரத்தில் வழிந்திருந்தது.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க," என்றாள்.

அவள் நீட்டிய தட்டு வளையலில் பட்டுக் கிணுகிணுவென்றது. ஒரு வருஷமாக வெறும் கையோடு இருந்தவள் இன்றைக்கு ஒரே ஒரு வளையலைப் போட்டிருக்கிறாள் என்பதை அமிர்தம் அப்போதுதான் கவனித்தாள். சித்தீக் வாயைத் திறந்தான்.

"நான் கேட்டுட்டேன்," என்றாள் அமிர்தம். "சாப்பிடுவானாம். வை எலையில."

வீரையனுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. "என்னக்கா, இவ்வளவு சத்தம் போட்டுட்டு..."

"நீ வாய மூடிக்கிட்டுச் சாம்பிராணியப் போடு."

வானதி உட்கார்ந்து, இலையில் நல்ல இடமாகப் பார்த்து ரொட்டியை வைத்தாள். வைத்தவள் மாமியார் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். அமிர்தம் அதற்குப் பக்கத்தில் கருவாட்டுக் குழம்புக் கிண்ணத்தை வைத்தாள். இலையில் இப்போது ரெண்டு பண்டம். அந்தத் தேசத்தில் ரெண்டுமே அவன் வயிற்றை நிரப்பவில்லை என்பது அந்தக் கூடத்தில் ரெண்டு பேருக்குத்தான் தெரியும். கதவைச் சாத்தினார்கள்.

சாத்திய கதவுக்கு வெளியே நிற்கும் நேரத்தில் யாரும் பேசக்கூடாது. வானதி கதவில் நெற்றியை வைத்து நின்றாள். அமிர்தம் கீழே உட்கார்ந்து தரையில் விரலால் ஒன்றுமில்லாததை அழித்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தவன் எதை எடுப்பான்? எதையும் எடுக்காமல், பசிக்கலம்மா என்று போய்விடுவானா? வழக்கமாகப் பத்து நிமிஷம் சாத்தி வைப்பார்கள். அன்றைக்கு அமிர்தம் எழுந்திருக்கவில்லை. சாம்பிராணி அணைந்து வெகு நேரமாயிற்று என்று வீரையன் மூன்று தரம் இருமிக் காட்டிய பிறகுதான் கதவு திறந்தது.

பந்தியில் சித்தீக்குக்குப் படைக்காத சோற்றைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள் அமிர்தம். வானதி அவன் முன்னால் ஒரு ரொட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். "இதுவும் படைக்காததுதான். நீங்க ஒரு வாய் சாப்பிட்டுச் சொல்லுங்கண்ணே. அதே மாதிரி வந்திருக்கான்னு."

"அடியே, பீரு ஊத்துனத அந்தப் புள்ளைக்கு நீட்டுற!" என்றாள் அமிர்தம் அவசரமாக.

"ஐயோ ஆமால்ல." வானதி தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு, வேறு யாரையும் கேட்க முடியாது என்று தெரிந்ததாலோ என்னவோ, அந்த ரொட்டியைத் தானே ஒரு ஓரம் கடித்தாள். அதை முதல் தடவையாக வாயில் வைக்கிறாள். ரெண்டு வருஷம் கண்ணால் தின்ற பண்டம். மெதுவாக மென்றாள். பீரின் கசப்பும், புளியும், வெந்தும் வேகாத மஞ்சள் தூளும் அவள் முகத்தில் வரிசையாக வந்து போயின. கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

"இதையா அத்தை அவ்வளவு ஆசையாத் தின்னாங்க?"

"ஆமாண்டி," என்றாள் அமிர்தம். "தட்டுல ஒரு துணுக்கு மிச்சம் வைக்க மாட்டானாம். கேட்டா, இவனுக்குக்கூடக் குடுக்க மாட்டானாம்."

சித்தீக் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வானதி சிரித்தாள். ஜன்னல் வழியாக வருஷக்கணக்கில் கேட்ட சிரிப்பு. அமிர்தம் அதைக் கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தெரு எதிர்பாராதது. மருமகளுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லி அமிர்தமே தம்பியை விரட்டினாள். அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். மருமகள் வீட்டில் பங்கு கேட்டுவிடாமல் இருக்கத்தான் என்றார்கள். அந்தப் பெண் போனபிறகு கூடத்தைக் கூட்டக்கூட ஆளிருக்காது என்று கணக்குப் போட்டும் பார்த்தார்கள். ஒசூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருத்தன் வந்தான், மனைவியை இழந்தவன், அதிகம் பேசாதவன். வானதி மூன்று மாசம் மாட்டேன் என்றாள், பிறகு சரி என்றாள். அடுத்த சித்திரையில் திருவிடைமருதூர்க் கோயிலில் கல்யாணம். அமிர்தம் போகவில்லை. தஹ்மீனா காரைக்காலுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். சித்தீக் ஸ்வான்ஸீக்குத் திரும்பவில்லை, மஸ்கட்டுக்குப் போய்விட்டான் என்று கேள்வி.

வானதி தாய் வீடு கிளம்பியது கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் முன்னால், பங்குனிக் கடைசியில். பையை அமிர்தமே தூக்கிக்கொண்டு ரோடு வரை வந்தாள். உளுந்தறுப்பு நேரம். செடிகளைப் பிடுங்கிவந்து தார்ரோட்டின் குறுக்கே பரப்பியிருந்தார்கள், வண்டிகள் ஏறிப் பிரிக்கட்டும் என்று. கும்பகோணம் பஸ் வந்தது. அமிர்தம் பையை ஏற்றினாள். "ஒழுங்கா சாப்பிடு," என்றாள். வானதி ஏதோ கேட்க வந்தாள், கண்டக்டர் விசிலடித்துவிட்டார்.

டிரைவர் செடிகளைப் பார்த்துத் தயங்கினார். "ஏறிப் போங்கண்ணே, அதுக்குத்தான போட்டிருக்கு!" என்று வயலிலிருந்து குரல் வந்தது. பஸ் ஏறிப் போயிற்று. சக்கரத்துக்கு அடியில் நெற்றுகள் நெறுநெறுவென்று உடைந்தன. பஸ் வளைவு திரும்பி, அதன் சத்தமும் அடங்கிய பிறகு, சக்கரம் படாத இடத்திலும் வெயில் தாங்காமல் ஒவ்வொரு நெற்றாக வெடித்துக்கொண்டிருந்தது. கறுப்பு மணிகள் தெறித்து ரோட்டோரம் உருண்டன. அமிர்தம் அவற்றின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.