பட்டி பார்த்த சிப்பாய்கள்

காலையில் சட்டை போடுவதுதான் கருத்தப்பாண்டிக்கு அன்றாடம் முதல் தண்டனை. இடது கையை நுழைத்துவிட்டு, வலது கையை ஒரு கட்டையைத் தூக்குவதுபோல் தூக்கிச் சட்டைக்குள் திணிக்க வேண்டும். தோளுக்கு மேல் அந்தக் கை ஏறாது. ஏற்றினால் கழுத்திலிருந்து முழங்கை வரைக்கும் சூட்டுக்கோலை வைத்து இழுத்த மாதிரி இருக்கும். மனைவி தங்கச்செல்வி தறிக்குப் போகிற அவசரத்திலும் பொத்தான் மாட்டிவிட வருவாள். தட்டிவிடுவான். அருப்புக்கோட்டையில் இருபது வருஷம் சுவர் சுவராக ஏறி இறங்கிய பெயிண்டர், பொத்தான் மாட்ட ஆள் தேடுவதா?

விழுந்து ஏழு மாதம் ஆகிறது. திருச்சுழி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் முன்சுவர். சாரத்துக் கயிறு இத்துப்போயிருக்கிறது என்று காலையிலேயே முத்துராஜிடம் சொன்னான். முத்துராஜ் இப்போது காண்ட்ராக்டர். மற்றபடி இருவரும் பரளச்சிக்காரர்கள், ஒரே வருஷம் பிரஷ் பிடித்தவர்கள். இன்றைக்கு ஒரு நாள் ஓட்டு, நாளைக்குப் புதுக்கயிறு வந்துவிடும் என்றான் முத்துராஜ். பதினோரு மணிக்குக் கயிறு அறுந்தது. கருத்தப்பாண்டி தரையில் கிடந்து துடிக்கும்போதே, மண்டபத்துக்காரர் காதுபட முத்துராஜ் சொன்னான்:

“தண்ணியப் போட்டுட்டு ஏறிட்டான் சார்.”

சொன்னால் நம்புகிற ஊர்தான். கருத்தப்பாண்டி குடிக்காத ஆள் இல்லை. பொங்கலுக்குக் குடிப்பான், கறிவிருந்துக்குக் குடிப்பான். வேலை நாளில் தொட்டதில்லை என்பது கூட ஏறிய எட்டுப் பேருக்கும் தெரியும். எட்டுப் பேரும் முத்துராஜிடம் சம்பளம் வாங்குகிறவர்கள், வாயைத் திறக்கவில்லை. மறுநாளே சாரத்தில் புது நைலான் கயிறு ஏறிவிட்டது. பலகை உரசிக் கிழித்த இடத்தில் மாவு அடைத்துப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தடம் தெரியாமல் ஆக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரிப் பக்கம் முத்துராஜ் தலைவைத்துப் படுக்கவில்லை.

அப்துல் பாரி வீரசோழன் ஊர்க்காரர். துபாயில் எட்டு வருஷம் ஒரு பொம்மைக் கடையில் நின்றுவிட்டு வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை போட்டிருந்தார். ரீசார்ஜ் பண்ணப் போன கருத்தப்பாண்டி, அவர் ஒரு லென்ஸ் விளக்கின் கீழே குனிந்து, கட்டைவிரலின் மேல்கணு உயரமே இருந்த ஒரு பொம்மைச் சிப்பாய்க்கு வண்ணம் அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். இதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் முதலில் தோன்றியது. வெளிநாட்டில் வளர்ந்த ஆட்களே மேசையில் படை நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை விளையாடுகிறார்களாம். சிப்பாய்கள் கை வேறு கால் வேறாகப் பெட்டியில் வரும். அவற்றை ஒட்டிச் சேர்க்கவும் பெயிண்டு அடிக்கவும் பொறுமை இல்லாதவர்கள் பாரிக்கு அனுப்பிவைக்கிறார்கள். ஆர்டர் அவர் ஒருவர் கைக்கு மீறிப்போய்விட்டது.

“தோளே வேணாம்ணே. முழங்கைய மேசையில ஊண்டிக்கிட்டு மணிக்கட்டு மட்டும் ஆடுனாப் போதும்” என்றார் பாரி.

ஏழு மாதத்தில் அவனிடம் யாரும் வேலையைப் பற்றிப் பேசியதே அதுதான் முதல் தடவை. பத்துச் சிப்பாய்க்கு உண்டான பாகங்களை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார் பாரி. வெட்டி, பிசிறு சீவி, ஒட்டுங்கள், பிரைமர் அடிக்கும் முன்னால் ஒரு தடவை காட்டுங்கள் என்றார். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தவரைக் கருத்தப்பாண்டி கையமர்த்தினான். பெயிண்டைப் பற்றி எனக்கா?

வீட்டில் கவிழ்த்த பெயிண்டு வாளிதான் மேசை. பிளாஸ்டிக் சட்டத்தில் வரிசையாகத் தலையும் கையும் கேடயமும் தொங்கின. கட்டிங் பிளேயரால் வெட்டியதில் முதல் சிப்பாயின் ஈட்டி முறிந்தது. இரண்டாமவனுக்கு இடது கையை வலது தோளில் ஒட்டிவிட்டு, பிடுங்கும்போது பசையில் விரல் ஒட்டிக்கொண்டது. “எளவெடுத்த பயலே, இருக்கிற கையும் போச்சா உனக்கு” என்று சிப்பாயை வைதான். ரோலர் பிடித்துத் தடித்த விரலுக்கு, நெல்லளவு கை எங்கே நிற்கும்? ஆனாலும் மூன்றாம் நாள் பத்துப் பேரும் நின்றார்கள்.

நின்றவர்களை வெயிலில் வைத்துப் பார்த்தான். ஒட்டிய இடமெல்லாம் சந்து. அதோடு போகட்டும், மேலங்கி முழுக்கக் கோடு கோடாகப் பள்ளம், கவசத்தில் பொடிப்பொடியாகக் குழி, முகத்தில்கூடச் சுருக்கம். காசு வாங்குகிற சாமானை இப்படியா அனுப்புவான் கம்பெனிக்காரன் என்று எரிச்சல் வந்தது. மிச்சமிருந்த பட்டிமாவைக் குழைத்து, பழைய பிளேடுத் துண்டால் ஒவ்வொரு பள்ளத்தையும் அடைத்தான். காய்ந்ததும் நைஸ் உப்புத்தாள் போட்டான். ஒரு நாள் முழுக்கத் தேய்த்தான். சாயங்காலம் பத்துப் பேரும் சவர்க்காரக் கட்டி மாதிரி வழுவழுவென்று இருந்தார்கள். விழுந்த பிறகு அன்றைக்குத்தான் தெம்பாகச் சாப்பிட்டான்.

பாரி லென்ஸ் விளக்கைப் போட்டார். ஒன்றை எடுத்தார். வைத்தார். இன்னொன்றை எடுத்தார்.

“என்னண்ணே செஞ்சு வச்சிருக்கீக?”

“விரிசல் அம்புட்டும் அடைச்சாச்சு பாய்.”

“விரிசலா? அது துணி மடிப்புண்ணே. இது சங்கிலிக் கவசம். படை கேட்டா காம்பவுண்டு சுவரு கட்டிக் கொண்டாந்திருக்கீக.” சிரிக்கத்தான் ஆரம்பித்தார். மூன்று சிப்பாய்க்கு மூக்கே இல்லை என்று கண்டதும் சிரிப்பு நின்றது. “முத்துராஜ் ஒரு நா வந்தப்பவே சொன்னாக, நீங்க தண்ணி போடுற ஆளு, வேலையப் பாத்துக் குடுங்கன்னு. நாந்தான் கேக்கல.”

கருத்தப்பாண்டி எட்டி, பாரி கையிலிருந்த சிப்பாயை வாங்கினான். சாரத்திலிருந்து தள்ளியது போதாது என்று, முத்துராஜ் செல்போன் கடை வரைக்கும் வந்து தள்ளியிருக்கிறான். தப்பு செய்தது தன் கை. செய்யவைத்தது சுவர்த் தொழிலின் பழக்கம், சாராயப் பாட்டில் இல்லை. பத்துப் பேரையும் வழித்துக் கவரில் போட்டான். மடிப்புத் தெரிவதுதான் வேலை என்றால் அதை எப்படிச் செய்வது, அதை மட்டும் சொல்லுங்கள் என்றான். பாரி யோசித்துவிட்டு, முதல் தடவை சொல்லவிடாததை இப்போது சொன்னார். பிரைமர் மெல்லிசாக. நிறமும் மெல்லிசாக. அதற்கு மேல் கறுப்புத் தண்ணீர் மாதிரி ஒரு சாயம். ஒரு குப்பியில் கொஞ்சம் ஊற்றியும் கொடுத்தார்.

இரண்டு நாள் ஊக்கு நுனியால் பட்டியை நோண்டினான். பல்தேய்க்கும் பிரஷ் போட்டுத் தேய்த்தான். ஒவ்வொரு குழிக்கும் முத்துராஜை ஒரு வார்த்தை வைதான். தங்கச்செல்வி தறியிலிருந்து வந்து, “உங்க வசவுக்குப் பயந்தே வெளிய வந்துரும்” என்றாள். மூக்குப் போன மூன்று பேரை ஒதுக்கினான். மற்ற ஏழு பேருக்கும் பிரைமர், துணிக்குச் செம்மண் நிறம், கவசத்துக்கு ஈயநிறம். பிறகு குப்பியைத் திறந்து, ஜீரோ நம்பர் பிரஷில் தொட்டு, ஒரு சிப்பாயின் நெற்றியில் வைத்தான்.

சாயம் தானாகவே ஓடியது. புருவத்துக்கு அடியில் இறங்கி, கன்னத்து மடிப்பில் தேங்கி, அங்கியின் ஒவ்வொரு பள்ளத்திலும் போய் உட்கார்ந்தது. சற்று முன்னால் வெறும் பிளாஸ்டிக்காக இருந்தவன், பசியும் அலுப்புமாக அவனையே முறைத்தான். இருபது வருஷம் பள்ளத்தை ஒளித்துச் சம்பளம் வாங்கியவனுக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. மண்டபத்துச் சுவரில் பட்டி பார்த்த இடம் நினைவில் வந்து நின்றது.

ஏழு பேரையும் லென்ஸில் வெகுநேரம் பார்த்தார் பாரி. குற்றம் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. அறுபது சிப்பாய் ஆர்டர் இருக்கிறது, செய்யலாம் என்றார். ஆனால் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார். கடையிலேயே, அவர் கண்முன்னால் உட்கார்ந்து செய்ய வேண்டும். வாடிக்கைக்காரர்கள் அவரை நம்பி அனுப்புகிற சாமான்.

“கோவிச்சுக்கிறாதீக. முத்துராஜே வந்து, அப்படி இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாகன்னா, பெட்டியோட வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க.”

கருத்தப்பாண்டி நேரே முத்துராஜின் வேலை நடக்கும் இடத்துக்குப் போனான். பள்ளிவாசல் தெருவில் ஒரு மாடி வீடு. மதியச் சாப்பாட்டு நேரம். எட்டுப் பேரும் சாரத்து நிழலில் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் முத்துராஜ்.

“ஏலே, பொம்மைக்குப் பவுடர் பூசுறியாமே?” என்றான் முத்துராஜ். இரண்டு பேர் சிரித்தார்கள்.

“ஆமா. அதுக்கும் நீ சொன்ன சொல்லுதான் குறுக்க நிக்கிது. இவுங்க முன்னாடியே கேக்கேன். நான் குடிச்சிருந்தேனா? கயிறு இத்துப்போயிருந்துச்சா?”

சிரித்தவர்கள் குனிந்து சோற்றைப் பிசைந்தார்கள். வீரபத்திரன் மட்டும் வாயில் வைத்த கவளத்தை மெல்லாமல் வைத்திருந்தான். அன்றைக்குக் கயிற்றை விரலால் நெரித்துத் தூள் உதிர்வதைக் கருத்தப்பாண்டி காட்டியபோது பக்கத்தில் நின்றவன் அவன்தான்.

முத்துராஜ் எழுந்து வந்து சட்டைப்பையில் கையை விட்டான். “மருந்துச் செலவுக்கு வச்சுக்க. மத்ததத் தனியாப் பேசுவோம், வா.”

“துட்டு கேட்டு வரல. எட்டுப் பேரு முன்னாடி சொன்னத எட்டுப் பேரு முன்னாடிதான் எடுக்கணும். சொல்லு.”

முத்துராஜ் சாரத்தை நிமிர்ந்து பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான், நேரமாச்சு ஏறுங்கப்பா என்றான். பாதிச் சோற்றோடு ஆட்கள் எழுந்தார்கள். கருத்தப்பாண்டி பையிலிருந்த மூக்கில்லாத சிப்பாய் ஒருவனை எடுத்து, முத்துராஜ் காலடியில் இருந்த பெயிண்டு வாளி மூடிமேல் நிறுத்தினான்.

“பட்டி பாத்துத் தேச்சா இப்படித்தான் ஆகும். வச்சுக்க. நாளைக்கும் வருவேன், சாப்பாட்டு நேரத்துக்கு.”

தோளில் வலி தெறிக்கத் தெறிக்க நடந்து கடைக்கு வந்தான். பாரி அவன் முகத்தைப் பார்த்ததும் வாசலோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ரீசார்ஜுக்கு வந்த ஒருவர் கருத்தப்பாண்டி பக்கமாகக் குனிந்து, சிப்பாயைப் பார்க்கிற சாக்கில் மூக்கை உறிஞ்சி வாடை பிடித்தார். பிடிக்கட்டும். முழங்கையை மேசையில் ஊன்றி, அறுபதில் முதல் சிப்பாயின் தலையைச் சட்டத்திலிருந்து வெட்டினான்.

கருத்தப்பாண்டி குடித்துவிட்டு விழவில்லை, கயிறு இத்துப்போயிருந்தது என்று முத்துராஜ் அந்த எட்டுப் பேர் முன்னால் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி.