சாப்பாட்டுக்குப் பின்

1.

இது கதையாகத் தொடங்கவில்லை. எங்கள் எஜிசு ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கும் கொனாடு, மூட்டுவலிக்கும் தசைவலிக்கும் கொடுக்கும் ஒரு மாத்திரையைப் பற்றிக் கடைச் சுவரில் ஒட்ட நாலு வரி கேட்டாள். வீக்கத்தைக் குறைக்கும் மருந்தும் வலியைக் குறைக்கும் மருந்தும் சேர்ந்த மாத்திரை.

"நீதான் எழுதுறவளாச்சே. ஜனங்களுக்குப் புரியுற மாதிரி எழுது. அழ வெச்சிடாதே."

நான் எழுதினேன்: சாப்பாட்டுக்குப் பின் போடவும்.

அதற்கு மேல் பேனா நகரவில்லை. அன்று மதியம் அந்தக் கடையில் பார்த்த ஒரு பெண், அந்த வரியின் எதிரே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

2.

முதல் தொடக்கம்: போமாவின் வலது முழங்கால் மழைக்காலத்தில்—

வேண்டாம். முழங்காலில் தொடங்கினால் அவள் நோயாளி ஆகிவிடுகிறாள்.

இரண்டாவது: போமா காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை.

இது இருக்கட்டும். எங்கள் பக்கத்தில் கணவனை இழந்தவள் அடக்கம் முடியும்வரை சாப்பிடுவதில்லை. ஆனால் போமா யாருடைய விதவையும் இல்லை. சனிக்கிழமை அடக்கம் செய்யப்படும் குவாக்கு பரிமாவுக்கு மனைவி இருக்கிறாள். ஊரே சூழ அவள் பட்டினி இருக்கிறாள். போமாவின் பட்டினி யாருக்கும் தெரியாது.

[அடக்கம் உண்மை. போமா சாப்பிட மறுத்ததும் உண்மை. அவளுக்கும் பரிமாவுக்கும் நடுவே இருந்ததை நான்தான் சேர்த்தேன். ஒருத்தி சோற்றை ஏன் மறுக்கிறாள் என்று கேட்டுக்கொண்டதும் என் மனம் ஓர் ஆணின் பெயரைச் சொன்னது. அவ்வளவு வேகமாகச் சொன்னது எனக்கே பிடிக்கவில்லை.]

3.

கடையில் நடந்தது இது. இதில் என் கை இல்லை.

"கொனாடு, அந்த ரெட்டை மருந்து மாத்திரை கொடு. நாளைக்குச் சாவு வீட்டுல நான் அடோவா ஆடணும்."

"இந்தக் காலை வெச்சுக்கிட்டா? மேளக்காரன் பயந்து ஓடிடுவான் போமாக்கா."

"உன் வாய்க்கு ஒரு மாத்திரை இருந்தா முதல்ல அதைப் போடு."

கொனாடு சிரித்தாள். பிறகு சிரிக்காமல் கேட்டாள். "வயித்துல புண்ணு இருந்திருக்கா? ரத்தக் கொதிப்பு? சிறுநீரகம், ஈரல்ல ஏதாவது?"

"ஒண்ணுமில்ல. பொண்ணு பாக்கவா வந்திருக்க, இவ்வளவு விசாரிக்கிற?"

"வேற மாத்திரை எதுவும் போட்டியா?"

போமா இடுப்புத் துணியின் முடிச்சை அவிழ்த்து ஓர் அட்டையை எடுத்தாள். குமாசி போகும் பேருந்தில் நின்றபடி பிரசங்கம் செய்து விற்பவனிடம் வாங்கியது. கொனாடு அதைத் திருப்பிப் படித்தாள்.

"அக்கா, இதுவும் அதே மருந்துதான். பேருதான் வேற. எப்பப் போட்ட?"

"காலைல ஒண்ணு. இப்ப வர்ற வழியில ஒண்ணு."

"வயித்துல என்ன இருந்துச்சு?"

"தண்ணி."

"தண்ணியா! நல்ல வேளை, இதையும் சேர்த்து முழுங்காம வந்த. இன்னிக்கு இனிமே ஒண்ணும் கிடையாது. நாளைக்குக் காலைல கஞ்சி குடிச்சிட்டு ஒண்ணே ஒண்ணு. கூட வேற வலி மாத்திரை வேண்டாம், வேர் ஊறப்போட்ட சாராயமும் வேண்டாம். வயிறு எரிஞ்சாலோ மலம் கறுப்பாப் போனாலோ நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு."

"கஞ்சி முடியாது."

"கஞ்சி இல்லன்னா மாத்திரையும் இல்ல. ஏன் முடியாது? உன் புருஷனா செத்துட்டான்?"

கேலிக்குச் சொன்னதுதான். போமாவின் கைகள் இரண்டும் தலையை நோக்கி உயர்ந்தன. பாதியில் நின்று, தலைத்துணியைச் சரிசெய்வதுபோல் இறங்கின.

4.

அடோவாவில் கைகள்தான் பேசும். இரண்டு கைகளையும் தலையில் வைத்தால், தனித்துப்போனேன் என்று பொருள். சாவு வீட்டில் அதை யாரும் சொல்லலாம், எதற்காகச் சொன்னாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பரிமாவின் மனைவி பார்த்துக்கொண்டிருக்க, ஊர் பார்த்துக்கொண்டிருக்க, போமா அதைச் சொல்லக்கூடிய ஒரே இடம் சாவுக்கு ஆடும் அந்த மைதானம். அதற்கு முழங்கால் மடங்க வேண்டும். முழங்காலுக்கு மாத்திரை வேண்டும். மாத்திரைக்குக் கஞ்சி வேண்டும்.

கஞ்சி குடித்தால் அவள் துக்கத்துக்கு வந்த ஊர்க்காரி. குடிக்காதவரை, அவளுக்கு மட்டுமே தெரிந்த மனைவி.

5.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டு ஆடுகிறாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் சரிகிறாள். அடித்துவிட்டேன். சுவரில் ஒட்டும் காகிதத்துக்கு அது மிகவும் வசதியான முடிவு. அவளுக்கு நான் தண்டனை கொடுக்க வேண்டியதில்லை.

மாத்திரையே போடாமல் நாற்காலியில் அமர்ந்து கைகளால் மட்டும் ஆடுகிறாள். அழகாக இருந்தது. அழகாக இருந்ததால் சந்தேகப்பட்டேன். அவளுக்கு வேண்டியது அழகு அல்ல, அந்த மண்ணில் கால் பட வேண்டும்.

கஞ்சியைக் குடிக்கிறாள்—

இதைத்தான் எழுத முடியவில்லை. குடிப்பதே சரி என்று தெரியும். ஆனால் நான் யாருக்காகவும் ஒரு வேளைச் சோற்றை விட்டதில்லை. விடும் அளவுக்கு ஒருவர் இருந்திருக்கலாமே என்று ஏங்கியிருக்கிறேன். அந்த ஏக்கத்தை அவள் வயிற்றில் வைத்துக் காப்பாற்றப் பார்க்கிறேனோ?

6.

கொனாடுவுக்குக் காகிதத்தைக் கொடுத்துவிட்டேன். கடைசி வரி இப்படி இருந்தது: சாப்பிட முடியாவிட்டால், காரணத்தைக் கடையில் சொல்லவும்.

"அழ வெச்சிடாதேன்னுதானே சொன்னேன்" என்றாள். ஆனாலும் ஒட்டினாள்.

சனிக்கிழமை காலை. மேளங்களைத் தட்டிப் பார்க்கிறார்கள். போமாவின் முன் சோளக்கஞ்சி, பக்கத்தில் கொனாடு கொடுத்த ஒரு மாத்திரை. கஞ்சியில் ஆடை படர்கிறது. நான் எழுந்துகொள்கிறேன், நீங்கள் என் இடத்தில் உட்காருங்கள். குடி என்று சொல்லாதீர்கள். யாருக்காக என்று மட்டும் கேளுங்கள். அவளை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அவள் வாய் திறக்கும். திறந்த வாய் முதலில் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு, பிறகு கஞ்சியை—