எல்லம்மாள் ஸ்டோர்ஸ் பை

மணிமொழி ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே நுழைந்தாள். காலை ஒன்பது மணிக்குக் கடை இருட்டாகக் கிடந்து அவள் பார்த்ததே இல்லை. மாடி வீட்டில் மாமனார் அப்பாசாமியைக் கிடத்தியிருந்தார்கள். விடியற்காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

பின்னாலேயே கணவன் சக்திவேல் வந்தான். "பஜார்ல சாவு சாமான செட்டாவே கட்டி விக்கிறாங்க. ஒண்ணு வாங்கியாந்துடறேன்."

"வாணாங்க. ஊருக்கே கட்டிக் குடுத்தவருக்கு வெளிய வாங்கறதா? நானே கட்டறேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டு ஒரு துணிப்பையை உருவி எடுத்தாள்.

பே கோபுரத் தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் ஆள் ஓடிவருவது இந்தக் கடைக்குத்தான். கிரிவலம் போகிறவர்களுக்குக் கூடையில் கற்பூரம் விற்ற எல்லம்மாள் ஆரம்பித்த கடை. அவள் மகன் அப்பாசாமி ஐம்பத்திரண்டு வருஷம் இதில் நின்றார். சேதி சொன்னால் போதும், ஒரு வார்த்தை கேட்காமல் துணிப்பையோடு உள்ளே போவார். விட்டுப்போனதென்று யாரும் இரண்டாம் தடவை வந்ததில்லை. என்ன மனுஷன்! கல்யாணச் சாமானுக்குப் பட்டியல் எழுது, சாவுச் சாமானுக்கு எழுதாதே என்பது எல்லம்மாள் போட்ட சட்டம். எழுதி வைத்தால் அடுத்த சாவைக் கூப்பிட்ட மாதிரியாம். பதினோரு வருஷம் கூட நின்ற மருமகளிடமும் அவர் சொன்னதில்லை. இவளும் கேட்டதில்லை.

நல்லெண்ணெய், சீயக்காய், மஞ்சள், சந்தனம், ஊதுவத்தி. அதற்குமேல் கை ஓடவில்லை.

பக்கத்து வீட்டு சரசு ஷட்டருக்கு வெளியே குனிந்து பார்த்தாள். "இன்னா மணி, நின்னுட்ட?"

"முழுசா தெரியலக்கா. மாமாவுக்குப் போய் கொறையா கட்டிடுவேனோன்னு பயமா இருக்கு."

"எங்க மாமியாருக்குப் பன்னீர் வெச்சாரு. எடு."

டெய்லர் ராமதாஸும் வந்து குனிந்தார். "எங்கப்பாவுக்குப் பொரி ஜாஸ்தியா வெச்சாரும்மா. சுடுகாடு தூரம், வழியெல்லாம் எறைக்கணும்னாரு."

அதற்குள் வெளியே ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். வாய்க்கரிசிக்குப் பச்சரிசி, நெய், சாம்பிராணி, கால் கட்ட நூல். ஒவ்வொருவரும் தன் வீட்டுச் சாவிலிருந்து ஒன்றைச் சொன்னார். பை நிரம்பியது.

"அடியில டீத்தூளும் சக்கரையும் வெச்சியா?" என்றாள் சரசு.

"சாவுக்கு எதுக்குக்கா டீத்தூள்?"

"எங்க வூட்டுக்கு வெச்சாரே. சாவு வூட்ல அடுப்பு எரியாது, பக்கத்து வூட்ல போட்டுத் தரச் சொல்லு, அழுவறவங்களுக்குத் தொண்ட காயும்னாரு."

"எங்களுக்கும் இருந்திச்சு," என்றார் ராமதாஸ். "எங்களுக்கு மட்டும்தான்னு நெனச்சிருந்தேன்."

மணிமொழி பையில் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்தாள். டீத்தூளையும் சர்க்கரையையும் பொட்டலம் கட்டி அடியில் வைத்து, மற்றவற்றை மேலே அடுக்கினாள்.

சக்திவேல் பையை மாடிக்குக் கொண்டுபோனான். அடியிலிருந்த பொட்டலங்களை மட்டும் அவனிடம் வாங்கிக்கொண்டு சரசு டீ போடத் தன் வீட்டுக்குப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் மாடிக்கு ஒரு தூக்கு டீ போயிற்று. சரசு ஒரு டம்ளரைக் கடைக்குள் நீட்டினாள். "குடி மணி. காத்தாலருந்து ஒண்ணும் குடிக்கலியே. உக்காரு."

மாமனார் உட்காரும் ஸ்டூல் காலியாகத்தான் இருந்தது. மணிமொழி தராசுக்குப் பக்கத்தில், எப்போதும் நிற்கும் இடத்தில், நின்றபடியே குடித்தாள்.