கூரை அண்ணாச்சி

1973ஆம் வருடம் ஜூலை மாதம் பதினோராம் தேதி, புதன்கிழமை, காலை பத்தே காலுக்கு, சுடலைமாடத்தியின் காதுக்குள் பதினோரு வருடமாகப் பேசிக்கொண்டிருந்த ஆள் முதல் தடவையாக எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினான். இடம், தூத்துக்குடி கடற்கரையில் இருந்த ஒரு இறால் கம்பெனியின் உரிக்கும் ஷெட். அன்றைக்கு வெள்ளை இறால் வரத்து நன்றாக இருந்தது. ஐஸ் தட்டுப்பாடு இல்லை. மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்று வழக்கம்போல மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. தகரக் கூரையை ஒட்டிய குறுக்குச் சட்டத்துப் பக்கமிருந்து, "எந்திரி. போதும். கையைக் கழுவிட்டு வீட்டுக்குப் போ" என்று ஒரு ஆண்குரல் தெளிவாகச் சொன்னது. உரித்துக்கொண்டிருந்த இருபத்தெட்டுப் பெண்களில் இருபத்தேழு பேர் எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கம்பெனியில் மணியும் கிடையாது, சங்கும் கிடையாது. மேனேஜர் கிளாட்வின் மாடி அறைச் சன்னல் வழியாகச் சத்தம் போடுவார். ஒரு சத்தத்துக்கு உட்கார வேண்டும், இன்னொரு சத்தத்துக்கு எழுந்திருக்க வேண்டும். யாரைப் பார்த்துச் சொல்கிறார், ஏன் சொல்கிறார் என்று நிமிர்ந்து பார்க்கிற வழக்கமே இல்லை. பார்த்தால் அதற்குத் தனியாக ஒரு சத்தம் வரும். லாரி வரவில்லை, கரண்ட் இல்லை, குளிர் அறை ரிப்பேர் என்று வாரத்தில் ஒரு நாளாவது பாதியில் அனுப்பிவிடுவதும் உண்டு. அத்தனை பேரையும் ஒருமையில் விரட்டுவதும் அவர் பழக்கம்தான். ஆகவே குரல் கேட்டது, போனார்கள். அதில் நாலு பேர் மேட்னி ஷோவுக்குப் போனதாகப் பின்னால் தெரிந்தது. கிளாட்வின் அந்த நேரம் கப்பல் ஏஜெண்டைப் பார்க்கத் துறைமுகத்துக்குப் போயிருந்தார் என்பது ஒருத்திக்கும் தெரியாது.

எழுந்திருக்காத ஒருத்திதான் சுடலைமாடத்தி. அப்போது அவளுக்கு முப்பத்து நாலு வயது. ஏரல் பக்கத்து வயல்காரக் குடும்பம். தாய் தகப்பன் போனபின் அண்ணன் தளவாயோடு தூத்துக்குடிக்கு வந்தாள். தளவாய் துறைமுகத்தில் மூட்டை சுமந்தான். அவளுடைய இருபத்து மூன்றாவது வயதில் குரல் கேட்க ஆரம்பித்தது. அதனிடம் சரக்கு அதிகம் கிடையாது. ஒனக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாரும் ஒன்னயத்தான் பாக்காங்க, எந்திரி, போ. இவ்வளவுதான். நாலு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒருவன் பதினோரு வருடம் ஓட்டுவதென்றால் அது ஒரு சாமர்த்தியம்தான். ஆரம்பத்தில் அவள் கீழ்ப்படிந்தாள். சாப்பாட்டு இலையிலிருந்து எழுந்தாள், தீப்பெட்டி ஆபீசிலிருந்து எழுந்தாள், தாலி கட்டப்போகிற நேரத்தில் மணவறையிலிருந்து எழுந்து தெருவோடு போனாள். திருச்செந்தூரில் நாற்பத்தெட்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். பிறகு சங்கிலி போட்டு வைக்கிற ஒரு இடத்தில் இரண்டு வருடம் விட்டார்கள். அங்கேயிருந்து அவள் கொண்டுவந்தது வலது கணுக்காலைச் சுற்றி ஒரு தழும்பு மட்டும். கடைசியில் பெரியாஸ்பத்திரி டாக்டரின் மாத்திரையில் குரல் கொஞ்சம் தணிந்தது. வாய் உலர்ந்தது, கை லேசாக நடுங்கியது, ஆனால் ராத்திரி தூங்கினாள்.

தளவாய் கெட்டவன் இல்லை, களைத்துப்போனவன். மூத்த மகளைப் பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் சுடலைமாடத்தியைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பியிருந்தார்கள். அவன் ஆஸ்பத்திரியில் போய்த் தெளிவாகச் சொல்லிவிட்டான். "மூணு மாசம் பாக்கேன் டீச்சர். ஒரு வேலையில நெலைச்சு நின்னான்னா வீட்டுல இருக்கட்டும். இல்லன்னா பழைய எடத்துலயே கொண்டு விட்டிருவேன். எனக்கு வேற வழியில்ல." பழைய இடம் என்றால் சங்கிலி. அது அவளுக்கும் தெரியும்.

அவன் டீச்சர் என்றது பிளாரன்ஸை. பிளாரன்ஸ் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. மனசு சரியில்லாமல் இருந்து தேறி வருகிறவர்களுக்கு ஒரு வேலையைப் பழக்கி, அந்த வேலையில் கொண்டுபோய் உட்காரவைப்பது அவருடைய உத்தியோகம். அப்படி ஒரு உத்தியோகம் இருப்பதை ஊர் நம்பாததால் டீச்சர் என்று கூப்பிட்டது. சுடலைமாடத்திக்காக அவர் குடையைப் பிடித்துக்கொண்டு ஏழு இடம் ஏறி இறங்கினார். உப்பளத்தில் வெயில் ஆகாது என்றார்கள், பஞ்சாலையில் மிஷின் ஆகாது என்றார்கள், ஒரு மிட்டாய்க் கடையில் ஒன்றும் சொல்லாமல் கால் கிலோ சேவு பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். "ஆளு முழுசா சரியாகட்டும், அப்புறம் பாப்போம்" என்பது எல்லோரும் சொன்ன பதில். "முழுசா சரியாகித்தான் வேலைக்கு வரணும்னா இந்த ஊர்ல யாருமே வேலைக்குப் போக முடியாது. வேலை பாத்துக்கிட்டே சரியாகட்டும்" என்பது பிளாரன்ஸ் எல்லோரிடமும் சொன்னது. எட்டாவதாக, ஆள் பற்றாக்குறையாக இருந்த கிளாட்வின் சரி என்றார். முதல் வாரம் தினம் ஒரு மணி நேரம், இரண்டாம் வாரம் இரண்டு மணி நேரம், மூன்றாம் வாரம் பாதி நாள், நாலாம் வாரத்திலிருந்து முழு நாள். பிளாரன்ஸும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தார். இறாலின் தலைமுள் குத்திப் பத்து விரலிலும் துணி சுற்றிக்கொண்டு, ஒரு மாதத்தில் அவர் உரித்தது ஒன்றரைச் சட்டி. ஆனால் உரிப்பதைவிட வேறொன்றைத்தான் அவர் சொல்லிக்கொடுத்தார். குரல் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். அதனோடு சண்டையும் வேண்டாம், சமாதானமும் வேண்டாம். கை பாட்டுக்கு வேலையைப் பார்க்கட்டும்.

அந்தப் புதன்கிழமை பிளாரன்ஸ் வரவில்லை. குரல் எழுந்திருக்கச் சொன்னதும் சுற்றிலும் இருந்தவர்கள் எழுந்து போவதை சுடலைமாடத்தி பார்த்தாள். குரல் மற்றவர்களுக்கும் கேட்டிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்ற நியாயமும் இல்லை. சீக்கு புதிதாக ஒரு வேலை காட்டுகிறது, இதுவரை இல்லாத ஆளைப் பேசவைத்தது, இப்போது இருக்கிற ஆளைக் காணாமல் செய்கிறது என்று நினைத்தாள். கெடு முடிய இன்னும் பத்து வாரம் இருந்தது. அவள் கையிலிருந்த இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, நரம்பை உருவி, சட்டியில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, ஆட்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூடைகள் இருக்கின்றன என்பது அவளுக்கு உறைத்தது. கூடைகளில் ஐநூறு கிலோ இறால் கிடந்தது; தகரக் கூரைக்கு மேலே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உரிக்காத இறால் ஐசுக்கு வெளியே இருக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். எழுந்துபோய் ஐஸ் பாளத்தைச் சாக்கில் சுற்றி உடைத்து, கூடை கூடையாகப் பரப்பி மூடினாள். உருக உருகப் போட்டாள். நடுவில் குரல் பலதடவை போகச் சொன்னது. மூன்று மணிக்குக் கிளாட்வின் வந்தபோது ஷெட்டில் ஒரே ஒரு பெண் முழங்கைவரை விறைத்துப்போன கையோடு இறால் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கூடைகூடக் கெட்டிருக்கவில்லை.

மறுநாள் காலையில் கிளாட்வின் எல்லோரையும் நிறுத்திவைத்துக் கேட்டார். "நீங்கதான சார் போகச் சொன்னிய" என்றார்கள். "நான் துறைமுகத்துல இருந்தேன்" என்றார். மாதாமேல் ஆணையாக அவர் குரல்தான் என்று அற்புதமணி அடித்துச் சொன்னாள். அற்புதமணி சுடலைமாடத்திக்குப் பக்கத்துப் பலகைக்காரி, ஷெட்டிலேயே வேகமான கையும் அதைவிட வேகமான வாயும் உடையவள். அப்போது கூரையிலிருந்து, "எந்திரி. போ. ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்று குரல் சொன்னது. பெண்கள் வாசலைப் பார்த்துத் திரும்பினார்கள். கிளாட்வினே இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அங்கே சட்டமும் ஒட்டடையும்தான் இருந்தன.

சுடலைமாடத்தி அற்புதமணியின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, ஒங்களுக்கும் கேக்கா?"

"கேக்காம? காதென்ன அவிஞ்சா போச்சு? எவன்ளா அவன், விடிஞ்சும் விடியாம இந்த வரத்து வாரான்?"

சுடலைமாடத்தி தரையில் உட்கார்ந்து அழுதாள். துக்கத்தில் அழவில்லை. பதினோரு வருடமாக அப்படி ஒரு ஆளே இல்லை என்று அண்ணனும் பூசாரியும் டாக்டரும் சொல்லக் கேட்டவள். அவர்களை நம்புவதா காதை நம்புவதா என்று தெரியாமல் இருந்தவள். இப்போது இருபத்தேழு பேர் சாட்சி. அழுது முடித்தபின்தான், உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்பது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பேய் என்று நினைத்து ஒரு பாதிரியாரைக் கூப்பிட்டிருப்பார்கள். அவள் எழுந்து, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அது என்னோட ஆளு, சார். எங்கூடத்தான் இருந்துச்சு. இப்ப வெளிய வந்துருக்கு."

கிளாட்வின் அவளை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அதற்குள் பிளாரன்ஸ் வந்து சேர்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை, குடையை மடக்கிச் சுவரில் சாத்தினார். "நேத்து ஒரு குரல் போன்னு சொன்னதும் இருபத்தேழு பேரு போயிட்டாங்க சார். இன்னைக்கு நீங்களும் ரெண்டு எட்டு வச்சிட்டீங்க. அதைக் கேட்டுக்கிட்டே வேலை பாக்கத் தெரிஞ்சவ இந்தக் கம்பெனியில ஒருத்திதான். அவளையா நிறுத்தப்போறீங்க?"

கிளாட்வின் ஐஸ் பெட்டியைத் திறந்து, கெடாமல் இருந்த நேற்றைய இறாலைப் பார்த்துவிட்டு மூடினார். "அப்போ இனிமே நான் சத்தம் போட்டா யாரு நம்புவா, டீச்சர்?"

"சத்தம் போடாதீங்க. ஒரு மணி வாங்கி மாட்டுங்க."

உடைப்பதற்குப் போட்டிருந்த ஒரு பழைய தோணியின் மணி சனிக்கிழமை வந்தது. அன்றிலிருந்து உட்காருவதும் எழுவதும் மணிக்குத்தான். மனித வாய் சொல்வது எதற்கும் யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை. குரல் ஒருநாள் "ணங்" என்று சொல்லிப் பார்த்ததாக அற்புதமணி சொல்வாள். அவள் சொல்வதையெல்லாம் நம்ப வேண்டியதில்லை. பெண்கள் குரலுக்குக் கூரை அண்ணாச்சி என்று பெயர் வைத்தார்கள். முதல் வாரம் பயந்தார்கள், இரண்டாம் வாரம் வைதார்கள், மூன்றாம் வாரம் சலித்துவிட்டது. மணியால் உண்டான இன்னொரு லாபத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை: சத்தம் போட வேலையில்லாமல் கிளாட்வினின் ரத்தக்கொதிப்பு இறங்கியது. சுடலைமாடத்தியின் தலைக்குள் இப்போது அவளுடைய நினைப்பு மட்டும் இருந்தது. முதலில் அது கொஞ்சமாகத்தான் இருந்தது, ஆனால் சொந்தம். மாத்திரைதான் குரலை வெளியே தள்ளியது என்று பிளாரன்ஸ் நினைத்தார். அப்படி ஒரு பலன் புத்தகத்தில் இல்லை, ஆனால் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

பின்னால் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். அடுத்த ஆறு வருடத்தில் பிளாரன்ஸ் இன்னும் ஒன்பது பேரை அந்த ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். அதில் நாலு பேருடைய குரல்கள் வெளியே வந்து கூரையில் தங்கின. ஒன்று அழும், ஒன்று ஆங்கிலம் பேசும். ஐந்து பேருடையவை வரவில்லை, அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்குக் குழாய் இருக்கிற இடத்தையும் கக்கூஸ் இருக்கிற இடத்தையும் காட்டும்போது கூரையையும் காட்டி, அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். ஏற்றுமதிப் பரிசோதனைக்கு வந்த ஒரு ஜப்பான்காரர் தன் குறிப்பில் ஷெட் சுத்தமாக இருந்தது என்று மட்டும் எழுதினார்.

ஆனால் இதெல்லாம் நடப்பதற்கு அந்த மூன்று மாதக் கெடுவைத் தாண்ட வேண்டியிருந்தது. கெடு முடிந்தது செப்டம்பர் பதினெட்டாம் தேதி. அதற்குள் ஊரில் பாதிப்பேர் ஷெட் வாசலில் நின்று குரலைக் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தளவாய் மட்டும் வரவில்லை. யாராவது பேச்செடுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவான். குரலோடு பேசுகிறாள் என்று அவன் தங்கையை அடித்திருக்கிறான். அது உண்மை என்று ஆகிவிட்டால் அந்த அடியை எங்கே கொண்டு வைப்பது?

கெடு முடிந்த நாள் மத்தியானம் அவன் வந்தான். வேலை நிரந்தரம் என்று கிளாட்வின் சொன்னார். தளவாய் தலையை ஆட்டினான், போகாமல் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தான். சுடலைமாடத்தி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள். கை கொஞ்சம் நடுங்கியது, ஆனால் சட்டி நிரம்பிக்கொண்டுதான் இருந்தது. கூரையிலிருந்து, "எல்லாரும் ஒன்னயத்தான் பாக்காங்க. ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்று குரல் சொன்னது. அத்தனை பேரில் ஒருவரும் நிமிரவில்லை. தளவாய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏளா," என்றான். "பதினோரு வருசமா இதையா கேட்டுக்கிட்டு இருந்த?"

"இதத்தாண்ணே."

குரல் இப்போது அவனைப் பார்த்துப் பேசியது. "இவள கூட்டிட்டுப் போ. இவ எதுக்கும் ஒதவ மாட்டா." தளவாய் மூட்டைக்குக் கீழே குனிகிறவன் மாதிரி உடம்பை ஒடுக்கி, பிறகு நிமிர்ந்து, கூரையைப் பார்த்துக் கத்தினான். "ஏலே, நீ யாருலே அதச் சொல்ல? எறங்கி வாலே இங்கன. அவ எந்தங்கச்சி. வேல பாத்துக்கிட்டு இருக்கா, கண்ணு தெரியல?"

சுடலைமாடத்தி ஒரு இறாலின் நரம்பை உருவிச் சட்டியில் போட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தாள்.

"அதுகூடப் பேசாதண்ணே. பேச்சுக் குடுத்தா ஒன்னயப் பிடிச்சுக்கிடும். நீ வீட்டுக்குப் போய்ச் சாப்புடு. நான் வேல முடிஞ்சு வாரேன்."

தளவாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். அன்றைக்கு லாரி தாமதமாக வந்ததால் அவள் வீடு வந்து சேர ஆறே முக்கால் ஆகிவிட்டது.