தும்பை மேல் கை வைத்தால்

கிழக்குக் கடற்கரைச் சாலைக்குச் சுங்கம் வைத்த புதிது. மாமல்லபுரத்துக்கு யாரோ பெரிய விருந்தாளி வருகிறாராம். அவர் கண்ணில் புல் பூண்டு படக்கூடாதாம். ஓரத்தைச் செதுக்க எங்கள் ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டார்கள். முதல் ஆளாக நின்றது நான், சம்பூர்ணம். வேலிக்கு அந்தப் பக்கம் என் தர்பூசணிக் கொல்லை, பூவும் பிஞ்சுமாக.

சாலையோரம் முழுக்கத் தும்பை வெள்ளையாகப் பூத்திருந்தது. தும்பைக்கு வரும் தேனீதான் அப்படியே என் கொடிக்கும் வரும். போன வருஷம் என் கொழுந்தன் ரமேஷ் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று ஓரத்துக்கு நெருப்பு வைத்தான். தேனீ எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிஞ்செல்லாம் நெல்லிக்காய் அளவிலேயே வெம்பி உதிர்ந்தது. இந்த வருஷமும் போனால், கொல்லையைக் கேட்டு நச்சரிக்கும் ரிசார்ட்காரனுக்கு விற்பதைத் தவிர வழியில்லை.

எங்கள் பக்கம் களை எடுக்கும்போது முதல் ஆள் எதை விடுகிறாளோ, அதைப் பின்னால் வருகிறவர்கள் தொடமாட்டார்கள். நான் புல்லை மட்டும் செதுக்கினேன். தும்பையை விட்டேன். பின்னால் எல்லாரும் விட்டார்கள்.

மேற்பார்வைக்குச் செங்கல்பட்டிலிருந்து வந்த மோசஸுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

“இன்னாம்மா, பூவெல்லாம் அப்படியே கீது?”

“அது களையில்ல சார்.”

“ரோட்டோரம் தானா மொளச்சதெல்லாம் களைதான்.”

“அப்போ நானும் களைதான். இங்கயே மொளச்சி இங்கயே கீறேன். புடுங்கிப் பாரு!”

அவர் களைக்கொல்லி டின்னை முதுகில் மாட்டினார். நான் களைக்கொத்தைக் கீழே போட்டேன். பூவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

“அடி சார். மொதல்ல எம்மேல அடி, அப்பால அதும்மேல அடி.”

எனக்கு அடுத்த ஆளாகச் செதுக்கிக்கொண்டு வந்த ஆராயி களைக்கொத்தை வீசிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு மற்றவர்களும்.

“விருந்தாளி வர்றப்பவும் நாங்க இங்கதான் குந்திகினு இருப்போம்” என்றாள் ஆராயி.

திருவிடந்தை வரைக்கும் வேலை மிச்சம் கிடந்தது. மோசஸ் சாலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், டின்னைக் கழற்றினார்.

“பேஜாரு புடிச்ச பொம்பளைங்க! எயிந்து வேலையப் பாருங்க. பூவு இருந்துட்டுப் போவட்டும்.”

விருந்தாளி காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டார்.

பங்குனி வெயிலில் அதே ஓரத்தில் பழங்களைக் குவித்து உட்கார்ந்திருந்தேன். காலையில்தான் ரிசார்ட்காரனை வந்த வழியே திருப்பி அனுப்பியிருந்தேன். மோசஸ் பைக்கை நிறுத்தி ஒரு கீற்று கேட்டார். கடித்தார். சாறு முழங்கை வரை வழிந்தது.

“களை இனிக்குதா சார்?” என்றேன்.