மேம்பாலத்துக்குப் போன கார்கள்

பிரிட்டோ ஜன்னலைப் பார்த்து "காரு" என்றபோது பியூலா தையல் மெஷினில் ஊசி மாற்றிக்கொண்டிருந்தாள். பக்கவாதத்தில் வலப் பக்கம் விழுந்த பிறகு அவனிடம் மிஞ்சிய சொற்கள் கொஞ்சம்தான். தண்ணி, வேணாம், வலி, பியூ, காரு. குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டியவன். இப்போது ஜன்னலோரக் கட்டிலில் கிடந்து தெருவைப் பார்ப்பதுதான் முழு நேர வேலை. கார் போனால் காரு என்பான். அதற்கெல்லாம் எழுந்து ஓடினால் பள்ளிக்கூட யூனிஃபார்மை எவள் தைப்பது? "ஆமாங்க, காரு" என்று சொல்லிவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுபடியும் "காரு." மறுபடியும். அடுத்த தடவை குரல் உடைந்து வந்தது, இடது கையால் ஜன்னல் கம்பியைப் பட்பட்டென்று தட்டினான். எரிச்சலோடுதான் எழுந்து போனாள். முந்தின நாள் பிடித்த மழை சற்று ஓய்ந்து தூறிக்கொண்டிருந்தது. தீபாவளிக்குப் பிறகு உறையைக் கழற்றாத எதிர் வீட்டுக் காரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் பல் டாக்டர் வீட்டுக் கார், அதற்குப் பின்னால் மூலை வீட்டின் புதுக் கார். எல்லாம் வரிசையாக ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் போயின. ஒரு காரிலும் பெட்டி இல்லை, பிள்ளைகள் இல்லை. ஓட்டுகிறவர் மட்டும். கல்யாணத்துக்குப் போகிற முகமாகவும் இல்லை. பியூலாவுக்கு ஏரி நினைவுக்கு வந்தது.

அவர்கள் குடியிருக்கும் வரதம்மாள் நகர் ஏரிக்குக் கீழே இருக்கிறது. ஏரி நிரம்பி மதகைத் திறந்தால் தண்ணீர் வேறெங்கும் போகாது, நேரே இங்கேதான் வரும். போன வருஷம் அப்படித்தான் விடியற்காலையில் வந்தது. கட்டில் சட்டத்தைத் தொட்டுவிட்டது. அவன் தலையை மடியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரப் படுக்கையில், வடியும்வரை உட்கார்ந்திருந்தாள். அந்தச் சளி அவன் நெஞ்சை விட்டுப் போக மூன்று மாதம் ஆனது. இன்னொரு தடவை இவருக்குத் தாங்காதும்மா என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அன்றைக்கே அவள் வார்டு ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட்டாள். அங்கிருந்தவர் போனைத் திருப்பிக் காட்டினார். வெள்ளத்துக்கு முதல் நாளே நகர் அசோசியேஷனுக்குத் தகவல் அனுப்பியிருந்தார்கள், படித்துவிட்ட நீல டிக் கூட விழுந்திருந்தது. அசோசியேஷன் அதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தது. குரூப்பின் பெயர் 'வரதம்மாள் நகர் ஓனர்ஸ்'. கரண்ட் எப்போது போகும், தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு வரும், எந்தச் சாக்கடை மூடி உடைந்து கிடக்கிறது, எங்கே செயின் அறுத்தார்கள், எல்லாம் அதில்தான் வரும். வாடகைக்கு இருப்பவர்களைச் சேர்ப்பதில்லை. ஆனால் தரைத்தளத்தில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் வாடகைக்காரர்கள். தெருவில் பாம்பு வந்தால் அமெரிக்காவில் இருக்கும் அவள் வீட்டு ஓனர் தினகரன் காலைத் தூக்கி சோபாவில் வைத்துக்கொள்ளலாம், பியூலா மிதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடு!

செயலாளர் கேசவனிடம் அவள் கெஞ்சிப் பார்த்தாள். "என்னையும் ஒரு ஓரமா சேத்துக்கோங்க சார். நான் எதுவும் போட மாட்டேன். பாத்துட்டு மட்டும் இருக்கேன்."

"டெனன்ட்ஸ சேக்கறதில்லன்னு ஜெனரல் பாடியில முடிவு பண்ணதும்மா. நாளைக்கு ஒவ்வொருத்தரும் கேப்பாங்க. உங்க ஓனர் குரூப்ல இருக்காருல்ல? அவர் சொல்லிடுவாரு."

கேசவன் கெட்ட மனிதர் இல்லை. பிரிட்டோவின் உடம்பைப் பற்றிப் பார்க்கும்போதெல்லாம் விசாரிப்பார். அதை நினைத்தால்தான் பியூலாவுக்கு இன்னும் வயிறு எரியும்.

இப்போது அவருடைய வெள்ளைக் காரும் கேட்டைத் தாண்டி வந்தது. பியூலா செருப்புகூடப் போடாமல் ஓடி மறித்தாள். கண்ணாடி கொஞ்சம் இறங்கியது.

"எல்லாரும் எங்க சார் போறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. வண்டிய மேம்பாலத்துல நிறுத்திட்டு வரலாம்னு. சும்மா ஒரு முன்னெச்சரிக்கை."

"ஏரியத் தெறக்கறாங்களா?"

அவர் வைப்பரைப் பார்த்தார். "மத்தியானம் தெறப்பாங்கன்னு மெசேஜ். காலையிலயே குரூப்ல போட்டுட்டேனே. தினகரன் சொல்லலையா?"

"அங்க இப்ப ராத்திரி சார். அவர் தூங்கிட்டிருப்பாரு."

"பதறாதீங்கம்மா. பீதியக் கிளப்பக் கூடாதுன்னு மேல ஸ்ட்ரிக்டா சொல்லியிருக்காங்க."

"எங்களுக்கு மேல ஓனரோட மாடி பூட்டித்தான கெடக்கு? சாவி உங்ககிட்டதான இருக்கு? குடுங்க சார், இவர மேல ஏத்திடறேன்."

"ஓனரக் கேக்காம எப்படிம்மா? இதோ மெசேஜ் போடறேன். வண்டிய விட்டுட்டு வந்துடறேன், பேசலாம்." பின்னால் நின்ற கார் ஹாரன் அடித்தது. கண்ணாடி ஏறிவிட்டது. அவர் வரவில்லை.

தண்ணீர் வந்தது. முதலில் பாத்ரூம் ஓட்டை கொப்பளித்தது, பிறகு வாசல். பியூலா தெருமுனைக்கு ஓடினாள். அங்கே வாடகைக் கடையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த அப்துல் ரசாக் மோட்டாரைத் தூக்கி மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்கும் சொல்லலியாக்கா?" என்றார். "எனக்கும் ஒருத்தனும் சொல்லல. காரு போறதப் பாத்தேன், எவனோ செத்துட்டான்னு நென்ச்சேன்."

"மாடிப் பூட்ட ஒடைக்கணும் பாய்."

"ஒடைச்சா பேஜாராயிடும்க்கா."

"ஆவட்டும். அவர் செத்தா பேஜாரில்லையா?"

அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தார். பூட்டு லேசில் உடையவில்லை, கொண்டிதான் கழன்று வந்தது. பிரிட்டோவை பிளாஸ்டிக் நாற்காலியில் புடவையால் கட்டி, இருவருமாகப் படியேற்றினார்கள். பாதிப் படியில் நாற்காலியின் கால் விரிந்தது. ரசாக் தன் தொடையை முட்டுக் கொடுத்து நின்றுவிட்டார். மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு பியூலா கீழே இறங்கியபோது தண்ணீர் மெஷின் பெடலைத் தாண்டியிருந்தது. வெட்டி வைத்த நீலத் துணிகள் அறைக்குள் மிதந்துகொண்டிருந்தன. பிள்ளைகளின் கை, காலர், பாக்கெட்.

மாடியில் சோபாக்களுக்கெல்லாம் வெள்ளை உறை போட்டிருந்தது. கட்டில் மெத்தையில் பிளாஸ்டிக் தாளைக்கூடக் கிழிக்கவில்லை. இவ்வளவு இடம் யாருக்கும் வேண்டாமல் மூடிக் கிடந்திருக்கிறதே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் சோபாவில் படுக்க வைக்கக் கை வரவில்லை, தரையில்தான் விரித்தாள். பிரிட்டோ அவளைப் பார்த்து மெல்ல, "காரு" என்றான்.

"ஆமாங்க. நீங்கதான் சொன்னீங்க. இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான் எனக்குச் சொன்னீங்க." அவன் நெஞ்சில் முகத்தை வைத்து அழுதாள்.

தண்ணீர் வடிந்த அன்று பியூலாவின் போனில் ஒரு சத்தம். கேசவன் அவளை 'வரதம்மாள் நகர் ஓனர்ஸ்' குரூப்பில் சேர்த்திருந்தார். பார்த்ததும் ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுத் திறந்தாள். பல் டாக்டர் எழுதியிருந்தார்: 'நம் நகரில் ஒரு காருக்குக்கூடச் சேதமில்லை. செயலாளரின் சரியான நேரத் தகவலுக்கு நன்றி.' அதன் கீழே கும்பிடும் கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. பிறகு கேசவனிடமிருந்து ஒரு போட்டோ, கொண்டி பெயர்ந்து நின்ற மாடிக் கதவு. அதன் கீழே தினகரன்: 'இது வன்மையாகக் கண்டிக்கத்தக்கது. கீழ் போர்ஷன் பியூலா பொங்கலுக்குள் காலி செய்ய வேண்டும். அனைவர் முன்னிலையிலும் தெரிவித்துக்கொள்கிறேன்.'

அந்தக் குரூப்பில் அவளுக்கென்று வந்த முதல் தகவல் இதுதான். பதில் எழுத விரலை வைத்தாள். எழுதுகிற இடமே காணோம். கேசவன் அதற்குள் மாற்றிவிட்டார், இனி அட்மின்கள் மட்டும்தான் செய்தி அனுப்ப முடியும் என்றது போன்.

போனை இடுப்பில் செருகிக்கொண்டு, ரசாக்கும் அவளுமாகப் பிரிட்டோவின் மெத்தையை வெளியே இழுத்து வந்தார்கள். பஞ்சு மெத்தை, தண்ணீர் குடித்துப் பிணமாகக் கனத்தது. தெரு முழுவதும் சேறு. கேசவன் வீட்டு வாசலில் கார் நிறுத்தச் சிமென்ட் போட்டு உயர்த்திய இடம் மட்டும் காய்ந்திருந்தது, அதில்தான் விரித்தார்கள். ரசாக் கடையைக் கழுவப் போய்விட்டார். அப்போது தெருமுனையில் கார்கள் திரும்பின. மேம்பாலத்து மழையில் குளித்துப் பளபளவென்று, போன வரிசையிலேயே சேற்றில் மெதுவாக ஊர்ந்து வந்தன. கடைசியில் வந்த வெள்ளைக் கார் மெத்தைக்கு முன்னால் நின்றது. லேசாக, மரியாதையாக, ஒரு ஹாரன்.

பியூலா மெத்தையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். அசையவில்லை. நிமிர்ந்து காரைப் பார்த்தாள். இன்னொரு ஹாரன், இது கொஞ்சம் நீளம். மாடி ஜன்னலோரம் சாய்த்து உட்கார வைத்திருந்த பிரிட்டோ, "காரு" என்றான்.

"தெரியும்ங்க" என்று சொல்லிவிட்டு, அவள் அந்த ஈர மெத்தையின் நடுவில் ஏறி, காலை மடக்கி உட்கார்ந்தாள். நாலு பக்கமும் அழுக்குத் தண்ணீர் பிதுங்கி, சிமென்ட்டில் வழிந்து, கார் டயரைப் பார்த்துப் போனது.