போன வருஷத்து ஏழு

ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்தில் வந்து உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டே வகை. வேலை முடியாதவர்கள் ஒன்று, வீட்டில் இருக்க முடியாதவர்கள் இன்னொன்று. லைப்ரரி டீச்சர் இரண்டாவது வகை.

கிழிந்த புத்தகங்களின் முதுகில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லாத வேலை. மேசைக்கு அடியில் இரண்டு நாள் துணியோடு ஒரு பை இருந்தது. ஐந்து மணி பஸ்ஸில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு, ஈஸ்டரெல்லாம் முடிந்த பிறகு சத்தமில்லாமல் திரும்பி வருவதாகத் திட்டம்.

பதினோரு மாதத்துக்கு முன்னால் அவளுடைய ஒரே மகள் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு. எதற்கெடுத்தாலும் "ஏன் டீச்சர்?" என்று எழுந்து நிற்பாள் என்பதால் பள்ளி முழுக்க அவளுக்கு 'ஏன்டீச்சர்' என்றே பெயர். அந்தப் பெயர் இப்போது யார் வாயிலும் வருவதில்லை. லைப்ரரி டீச்சர் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தால் பேச்சு சட்டென்று மழையைப் பற்றி மாறிவிடும். கணவர் வேலை வேலை என்று வெளியூரிலேயே தங்கப் பழகிவிட்டார். அடக்கப் பூசைக்குப் பிறகு அவள் பள்ளிச் சிற்றாலயத்துக்குள் காலெடுத்து வைக்கவே இல்லை.

தலைமையாசிரியை சிஸ்டர் நேற்று ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியிருந்தார். 'இந்த வருஷமும் வாசலில் நின்று எல்லோருக்கும் மெழுகுவர்த்தி கொடுக்க வர முடியுமா? முடியாவிட்டால் பரவாயில்லை.' போன ஈஸ்டருக்கு அம்மாவும் மகளும் சேர்ந்து செய்த வேலை அது. அம்மா மெழுகுவர்த்தியைக் கொடுக்க, மகள் மெழுகு கையில் சொட்டாமலிருக்க அடியில் பேப்பர் கப்பைச் செருகிக் கொடுத்தாள். லைப்ரரி டீச்சர் சீட்டை மடித்து, ஏதோ ஒரு புத்தகத்துக்குள் வைத்துவிட்டாள். எந்தப் புத்தகம் என்று இப்போது நினைவில்லை.

கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு டிராயிங் மாஸ்டர் உள்ளே வந்தார். இரண்டு கைகளிலும் பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல ஆளுக்குப் பாதி உயரத்தில் ஒரு மெழுகுவர்த்தி. கக்கத்தில் இன்னொன்று, எரிந்து குட்டையானது.

"கொஞ்சம் இடம் குடும்மா. உன் மேசைதான் இந்த ஸ்கூல்லயே ஆடாத மேசை."

"வைங்க சார்."

"நாப்பது நாளா டீக்குச் சக்கரை போடாம குடிக்கறேன். தவக்காலமாம். கை நடுங்குது, தலை சுத்துது. ஆண்டவருக்கு இதனால என்ன லாபம்னு கேட்டா, வீட்டுக்காரி முறைக்கறா."

"அப்ப போட்டுக் குடிக்க வேண்டியதுதானே?"

"நாப்பது நாள் பல்லைக் கடிச்சுட்டு, கடைசி நாள்ல விடுறதா? நல்லா இருக்கே கதை!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மழையைப் பற்றிப் பேசாத ஒரே ஆள் அவர்தான்.

புதிய மெழுகுவர்த்திதான் இந்த வருஷத்துப் பாஸ்கா திரி. இன்று சாயங்காலம் வாசலில் நெருப்பு மூட்டி, முதலில் இதை ஏற்றுவார்கள். எல்லோர் கையிலும் இருக்கும் சின்ன மெழுகுவர்த்திகளுக்கு இதிலிருந்துதான் சுடர் போகும். நடுவில் சிவப்புச் சிலுவை, ஆதியும் அந்தமுமாக மேலே முதல் எழுத்து அகரம், கீழே கடைசி எழுத்து னகரம், சிலுவையின் நான்கு மூலைகளிலும் வருஷத்தின் நான்கு எண்கள். எல்லாம் மெல்லிய சிவப்பு மெழுகுத் தகட்டில் வெட்டி ஒட்டுவது. பத்தொன்பது வருஷமாக மாஸ்டர் கைவேலை. பழைய திரியின் மேல் தாளைச் சுற்றி அப்படியே அச்செடுப்பார். கடைசி எண்ணை மட்டும் மாற்றுவார்.

"எப்படி இருக்கு?" என்றார், துணியால் துடைத்துக்கொண்டே.

அவள் ஒப்புக்கு எட்டிப் பார்த்தாள். கண் கடைசி எண்ணில் போய் நின்றது.

ஏழு.

இது எட்டில் முடியும் வருஷம். மனிதர் அச்செடுத்த வேகத்தில் மாற்ற மறந்துவிட்டார்.

"நல்லா இருக்கு சார்" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. கை டேப்பை இழுத்து வெட்டியது. கண் மட்டும் அந்த எண்ணை விட்டு நகரவில்லை. அந்த ஏழில் ஒரு பெண் பேப்பர் கப்புகளை ஒன்றின் மேல் ஒன்றாகத் தொப்பி போல அடுக்கி விளையாடினாள். எட்டில் அப்படி யாரும் இல்லை. இருக்கட்டுமே. ஊர் உலகமெல்லாம் எட்டுக்குப் போகட்டும். இந்த ஒரு மெழுகுவர்த்தி ஏழிலேயே நின்றால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

மாஸ்டர் புதிய திரியைத் துணியில் சுற்றத் தொடங்கினார். "பழசு இங்கயே கிடக்கட்டும், அப்புறம் எடுத்துக்கறேன். உருக்கி ஊத்தினா பிள்ளைங்களுக்குச் சின்னச் சின்ன மெழுகுவர்த்தியா வரும்."

அப்போதுதான் அவள் பழையதை நேராகப் பார்த்தாள். அடக்கப் பூசையன்று மகளின் சவப்பெட்டியின் தலைமாட்டில் எரிந்தது அதுதான். அன்றைக்கு எல்லோரும் அவள் கையைப் பிடித்துச் சொன்னார்கள், உயிர்த்தெழுவாள், உயிர்த்தெழுவாள் என்று. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். அவளும்தான் சாப்பிட்டாள்.

மாஸ்டர் கதவுவரை போய்விட்டார். இன்னும் இரண்டு மணி நேரத்தில் ஃபாதர் திரியின் எண்களை மைக்கில் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிக் கீறுவார். கடைசி எண்ணில் திணறுவார். ஒரு பையன் சிரிப்பான், பிறகு கூட்டமே சிரிக்கும். அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிற மனிதர், நாற்பது நாள் சர்க்கரையில்லாமல் இருந்தவர், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பார். அவள் பெண் இருந்திருந்தால் இந்நேரம் மேசைமேல் ஏறி நின்று கத்தியிருப்பாள்.

"ஏன் சார்..."

சொன்ன பிறகுதான் அது யாருடைய சொல் என்று அவளுக்கு உறைத்தது. மாஸ்டரும் நின்றுவிட்டார்.

"ஏன் சார், இதுல போன வருஷம்தானே போட்டிருக்கு?"

மாஸ்டர் துணியை விலக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் மடங்கி உட்கார்ந்தார்.

"பத்தொன்பது வருஷம்மா. ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. மண்டைக்குள்ள என்னத்த வெச்சுக்கிட்டு ஒட்டினேன்? நீ எப்பப் பார்த்தே?"

"நீங்க மேசைல வெச்ச உடனே."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"அந்த வருஷம் அவ இருந்தா சார்."

வெளியே யாரோ சிற்றாலய வாசலில் விறகை இழுத்துப் போடும் சத்தம். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லோரையும் போல இவரும் ஏதாவது சொல்லப்போகிறார் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாதும்மா" என்றார் அவர். "வருஷா வருஷம் இதை ஒட்டறேன். மனசு இருந்து ஒட்டினதும் உண்டு, கை மட்டும் ஒட்டினதும் உண்டு. இந்த வருஷம் கை மட்டும்தான். பார்த்தியே, எப்படி ஒட்டியிருக்குன்னு!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு களைப்பாக இருந்தது.

"மாத்துங்க சார், நேரமாகுது."

"எதை வெச்சு மாத்தறது? சிவப்புத் தகடு துளி இல்ல. சொல்லி அனுப்பினா வர மூணு வாரம் ஆகும்." அவர் பார்வை பழைய திரிக்குப் போய், உடனே திரும்பிக்கொண்டது. அந்தத் திரி எங்கே நின்றது என்பது இப்போதுதான் அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

பழைய திரியை அவளே இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சிலுவையின் கீழ்த் தண்டு அகலமாக, முழுசாக இருந்தது. லேபிள் வெட்டும் பிளேடை எடுத்து, வாயருகே கொண்டுபோய் மூச்சால் சூடாக்கி, ஓரத்தில் செருகினாள். தகடு உரிந்து வந்தது.

"எட்டு கஷ்டம்மா. உள்ளே ரெண்டு ஓட்டை. என் நடுக்கத்துக்குப் பிஞ்சுடும்."

"நகருங்க. வருஷத்துக்கு ஆயிரம் லேபிள் வெட்டற கை இது."

மேல் வட்டம் சரியாக வந்தது. கீழ் வட்டம் கொஞ்சம் கோணல். மாஸ்டர் தப்பான எண்ணைச் சுரண்டி எடுத்த இடத்தில் அவள் எட்டை வைத்து, விரல் சூடு ஏறும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். மற்ற மூன்று எண்களும் பளிச்சென்று இருக்க, இது மட்டும் புகை ஏறி மங்கலாக இருந்தது.

"நிறம் ஒட்டலையே" என்றார் மாஸ்டர்.

"தெரியட்டும் சார்."

சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபது. மாஸ்டர் மேசைக்கு அடியிலிருந்த பையைப் பார்த்தார்.

"எங்கயாவது கிளம்பறியா?"

"தங்கச்சி வீட்டுக்கு. அஞ்சு மணி பஸ்."

"ம். போயிட்டு வா." கதவருகே போய்த் திரும்பினார். "வாசல்ல சிஸ்டரே நின்னு கொடுக்கறாங்களாம். கண்ணு சரியாத் தெரியாது பாவம். ஒரு ஆளுக்கு மூணு மெழுகுவர்த்தி கொடுப்பாங்க, பாதிப் பேருக்கு இருக்காது. சரி, அது உன் கவலையா?"

போய்விட்டார். அவள் மீதிப் புத்தகங்களை அடுக்கினாள். பையை எடுத்தாள். லைப்ரரியைப் பூட்டினாள். பஸ் நிறுத்தத்துக்குப் போவதற்கும் சிற்றாலய வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இருட்டத் தொடங்கியபோது அவள் வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பை ஸ்டூலுக்கு அடியில். மடியில் மெழுகுவர்த்திப் பெட்டி, பக்கத்தில் பேப்பர் கப்புகள். சிஸ்டர் ஒன்றும் கேட்காமல் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"ஆளுக்கு ஒண்ணுதான். தம்பிக்குன்னு சொல்லி ரெண்டாவது கேக்காத, உனக்குத் தம்பியே கிடையாது, எனக்குத் தெரியும்" என்று ஒரு பையனை விரட்டினாள்.

நாலைந்து பெற்றோர் அவளைப் பார்த்ததும் என்ன சொல்வதென்று தெரியாமல் தயங்கினார்கள். அவர்கள் கையிலும் ஒன்றைத் திணித்து முற்றத்துப் பக்கம் தள்ளினாள்.

வாசல் முற்றத்தில் நெருப்பு பற்றிக்கொண்டது. ஃபாதர் திரியில் எண்களைச் சொல்லிக் கீறினார். கடைசியில் ஒரு கணம் நின்று, அந்த மங்கல் நிறத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "எட்டு" என்றார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. டிராயிங் மாஸ்டர் மட்டும் பெரிதாக மூச்சு விட்டது இங்கே வரை கேட்டது.

அவளிடம் ஜெபம் எதுவும் இல்லை. தேடிப் பார்க்கவும் தெம்பில்லை. சுடர் கை மாறி கை மாறி வாசலுக்கு வந்தபோது, ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி அவள் பக்கம் குனிந்தாள்.

"மிஸ், உங்களுக்கு எங்க மெழுகுவர்த்தி?"

பெட்டியின் அடியில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. எடுத்து நீட்டினாள். அந்தப் பெண் பற்றவைத்தாள்.

"ஏன் மிஸ், நீங்க உள்ள வரலையா?"

"கால் வலிக்குது. கொஞ்சம் உக்காந்துட்டு வரேன், போ."

எல்லோரும் உள்ளே போனார்கள். தங்கை வீட்டுக்குக் காலையில் ஆறு மணிக்கு ஒரு பஸ் இருந்தது. சூடான மெழுகு வழிந்து விரலில் பட்டது. பேப்பர் கப் செருக மறந்திருந்தாள். ஒன்றை எடுத்துச் செருகிக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்தாள்.